கடைசியாக வந்தவர்

பல்பண்பாட்டைக் கனடா அரசின் கொள்கையாக அறிவித்தது 1971இல், சட்டமாக்கியது 1988இல். ரொறொன்ரோவில் ஏறக்குறையப் பாதிப்பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். ஸ்காபரோவில் மரக்கறி வாங்குவதிலிருந்து மருந்து வாங்குவதுவரை ஒரு நாளை முழுக்கத் தமிழிலேயே ஓட்டிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் எந்த நாட்டவர் என்று தெரியாமலே வருடங்களும் ஓடிவிடும்.

2023 கோடையில் பீற்றர் வீதியில், நகராட்சியின் தங்குமிட அலுவலக வாசலில், ஆபிரிக்க அகதிகள் நடைபாதையில் படுத்திருந்தார்கள். தங்குமிடங்கள் நிரம்பியிருந்தன. செலவை யார் ஏற்பது என்று நகராட்சியும் ஒட்டாவாவும் இழுபறிப்பட, கறுப்பினத்தவரின் தேவாலயங்கள் கதவைத் திறந்தன.

அந்நாட்களில் ஒரு பிறந்தநாள் விருந்தில் கொத்துரொட்டித் தட்டோடு ஒருவர் சொன்னார்: "வரிசையில நிண்டு வாற ஆக்களுக்கு மரியாதை இல்லை. உவையள் குறுக்கால வந்திட்டினம்." பலர் தலையாட்டினார்கள். மூலையிலிருந்த ஆச்சி மட்டும் கேட்டார்: "எங்களை மட்டும் வெத்திலை பாக்கு வைச்சே கூப்பிட்டவை?"

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றார்கள் வந்தவர்கள். புறப்பட்டது மேற்கு ஜெர்மனியிலிருந்து என்பது பிறகு தெரியவந்ததும் நாடு கொதித்தது. ஆனாலும் அவர்களுக்குத் தங்க அனுமதி கிடைத்தது. 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 தமிழரோ தடுப்புக்காவலுக்குப் போனார்கள். இரண்டு தடவையும் நம்மைப் பார்த்துச் சொன்னது இதே 'குறுக்கு வழி'தான்.

கொத்துரொட்டிக்காரரின் பயம் பொய்யல்ல. இரண்டு வேலை பார்த்தும் வாடகை கட்டத் திணறுபவருக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் போட்டியாகத்தான் தெரிவார். ஆனால் வாடகையை ஏற்றியவர் நடைபாதையில் படுத்திருந்தவரல்ல. பின்னால் வருபவரைப் பார்த்து முகம் சுளிப்பதை இந்த நாட்டில் நாம் எவ்வளவு விரைவாகப் படித்துக்கொண்டோம்! குடியுரிமைப் பரீட்சைக்குக்கூட இவ்வளவு நன்றாகப் படிக்கவில்லை.

2016இல் நாடாளுமன்றம் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. பொங்கல், பரதம், கீழடி எல்லாம் மேடையேறட்டும். அந்த 155 பேரின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும், அவர்கள் சொன்ன பொய்யையும் மறைக்காமல். உயிர் தப்ப ஓடியவரிடம் ஒழுங்கான பயணக்கதை இருக்காது என்று நம் சொந்தக் கதையிலிருந்தே அறிந்த பிள்ளை, அடுத்து வருபவரிடம் வரிசையைப் பற்றிக் கேட்காது.