வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள்

2023 மே 13, சனி

கத்திரி வெயில், பள்ளி விடுமுறை, கொல்லைக் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீர். வெங்காயத்தாமரையை எடுக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. பாதிக் குளத்துக்கு மேல் மூடிவிட்டது. மிச்ச இடத்தில் அரிசி அளவு இலைகளாக மிதக்கும் பச்சைப் பாசி.

பூத்து நின்றவற்றை முதலில் பிடுங்கினேன். பூ வாடியதும் தண்டு வளைந்து தண்ணீருக்குள் போகும், விதை அங்கேதான் உதிரும். சேற்றில் அது இருபது வருஷம்கூட உயிரோடு கிடக்கும். ஊதாப் பூ அழகென்று தென் அமெரிக்காவிலிருந்து ஊர் ஊராகக் கொண்டுபோன செடி இது. வங்காளத்தில் இதை ஒழிக்க 1936-இல் சட்டமே போட்டார்கள். செடிக்குச் சட்டம் தெரியவில்லை.

மே 14, ஞாயிறு

எதிர்வீட்டு மாமா தேங்காய்நார்க் கயிறோடு வந்தார். "ஒவ்வொண்ணா புடுங்குனா தீபாவளி வரைக்கும் புடுங்குவம்மா. அந்தப் பக்கம் புடி" என்றார். ஆளுக்கொரு கரையில் நின்று கயிற்றை நீர்மட்டத்தில் இழுத்துக்கொண்டே போனோம். மொத்தமும் தென்கிழக்கு மூலையில் ஒதுங்கியது. அங்கிருந்து வாரியால் இழுத்துக் கரையில் போட்டோம். மேலே ஏற்றிக் குவிக்க வேண்டும், சரிவில் விட்டால் ஒரு மழைக்கு எல்லாம் திரும்ப உள்ளே போய்விடும். தாய்ச்செடியிலிருந்து கொடி ஓடிக் குட்டி போடுகிற ஜாதி என்பதால் அறுந்த துண்டையும் விடாமல் பொறுக்கினோம்.

வேரில் தொற்றி வந்த இறால் குஞ்சுகளைத் திரும்பத் தண்ணீரில் விட்டதில் பாதி நேரம் போனது. அத்தைக்கு அது பிடிக்கவில்லை. குழம்புக்கு ஆகும் என்கிறார்.

மே 16, செவ்வாய்

உரக்கடையில் வேறு வேலையாக நின்றபோது, "எதுக்கும்மா கஷ்டம்? ஒரு டப்பா மருந்து அடிங்க, பத்து நாள்ல காஞ்சிடும்" என்றார் கடைக்காரர். காயும்தான். காய்ந்தது அப்படியே மூழ்கி அழுகும். அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். இந்தக் குளத்திலிருந்துதான் கீரைப் பாத்திக்குத் தண்ணீர், மாட்டுக்கும் இதுதான். அவர் சொல்லும் கிளைபோசேட் களைக்கொல்லியைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே அடிக்கலாம் என்று 2022-இல் ஒன்றிய அரசு ஆணையிட்டதும் கவுண்டரில் யாருக்கும் நினைவில்லை போலும்.

வண்டு விட்டால் என்ன என்று தம்பி போனில் கேட்டான். வெங்காயத்தாமரையை மட்டும் தின்னும் கூன்வண்டுகளை 1982-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏரிகளில் நன்றாக வேலை செய்திருக்கின்றன. ஆனால் பலன் தெரியச் சில வருஷம் பிடிக்கும். வீட்டுக் குளத்துக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம், கையே போதும்.

மே 21, ஞாயிறு

ஆள் உயரக் குவியல் முழங்கால் உயரத்துக்கு வற்றிவிட்டது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் அந்தச் செடி. காய்ந்ததைச் சாணத்தோடு கலந்து தென்னங்குழியில் போட்டாயிற்று. பூத்ததை மட்டும் தனியே வைத்து எரித்தேன். விதையை உரத்தோடு தோட்டத்துக்கு அனுப்ப மனமில்லை.

பாசியைப் பழைய வேட்டியால் அரித்தெடுத்தோம். மூன்றாம் நாள் மறுபடி பச்சை! காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும் தண்ணீரும் கொட்டில் கழுவும் தண்ணீரும் ஒரே ஓடையில் குளத்துக்குத்தான் போகின்றன. மாட்டு மூத்திரமும் சோப்பும் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தால் எந்தக் களைதான் வளராது? ஓடையை வெட்டி வாழைப் பக்கம் திருப்பினோம். இவ்வளவு நாள் வேலையில் உருப்படியானது இதுதான் என்பேன்.

மே 30, செவ்வாய்

தண்ணீர் இன்னும் இறங்கியிருக்கிறது. வெளியே தெரிந்த சேற்றில் விரல்நகம் அளவு நாற்றுகள், பழைய விதைகள் முளைத்தவை. இப்போது கையால் பிடுங்கினால் சேற்றோடு வந்துவிடுகின்றன.

கொசு குறைந்திருப்பதாக அத்தை சொல்கிறார். இருக்கலாம். மான்சோனியா என்ற கொசுவின் புழு மேலே வந்து மூச்சு விடாது, மிதக்கும் செடியின் வேரைத் துளைத்து அதிலிருந்தே காற்றை எடுக்கும். எண்ணெய் தெளித்தாலும் சாகாது. கேரளத்தின் சேர்த்தலையில் யானைக்கால் நோயைப் பரப்பியது அந்த இனம்தான். 1980-களில் புதுச்சேரியின் கொசு ஆராய்ச்சி மையத்தார் அங்கே மருந்தை மட்டும் நம்பாமல், குளத்துக் களையை எடுத்து மீன் வளர்க்க மக்களைச் சேர்த்துக்கொண்டார்கள். மீனில் காசு வந்ததால் களையெடுப்பும் நடந்தது.

ஜூன் 12, திங்கள்

பள்ளி திறந்த அன்றே மேட்டூர் அணையும் திறந்தாயிற்று. மாலையில் மாமாவும் நானும், வாய்க்கால் தண்ணீர் குளத்துக்குள் வரும் மதகு வாயில் முன்னால் கோழிவலையும் பின்னால் நெருக்கமான வலையும் சாய்த்துக் கட்டினோம். செங்குத்தாகக் கட்டினால் குப்பை அடைத்து வலை கிழிந்துவிடும்.

ஜூன் 24, சனி

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. வலையில் ஒரு கூடை வெங்காயத்தாமரை, நெகிழிப் பைகள், ஒற்றைச் செருப்பு. உள்ளே ஒரு செடிகூட நுழையவில்லை. ஓரத்தில் கொஞ்சம் பாசி இருக்கிறது, அதற்குப் புல்கெண்டைக் குஞ்சு விடப்போகிறேன். பாசியை அது தின்னும், வெங்காயத்தாமரையைத் தொடாது. அதனால் ஞாயிறுதோறும் கரையைச் சுற்றிவந்து கண்ணில் பட்டதைப் பிடுங்குவது என் வேலை, வலையைத் தட்டுவது மாமா வேலை. மேல்பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்த களையை வாய்க்காலில் தள்ளாமல் இருந்தாலே எங்கள் இருவருக்கும் பாதி வேலை மிச்சம். நாளை போய்ச் சொல்ல வேண்டும்.