இல்லாத மாளிகைக்கு ஒரு பயணம்

இங்கிலாந்துக்குப் போகும் நம்மவர்கள் இலண்டனில் அரண்மனையைப் பார்ப்பார்கள். மணிக்கூண்டின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் தேடிப் போனதோ, இல்லாத ஒரு மாளிகையை!

பி.ஜி. வுட்ஹவுஸ் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லீவ் இட் டு ஸ்மித்' என்ற நாவலில்தான் அந்த மாளிகை இருக்கிறது. பிளாண்டிங்ஸ் கோட்டை என்று பெயர். ஊர், ஷ்ரோப்ஷியர் மாவட்டம்.

கதாநாயகன் ஸ்மித், தன் பெயருக்கு முன்னால் 'பி' என்ற எழுத்தைச் சேர்த்துக்கொண்டு, அதை உச்சரிக்க வேண்டாம் என்று சொல்கிற பேர்வழி. மீன் வியாபாரம் பிடிக்காமல் வேலையை விட்டவன். ஒருநாள் மன்றத்துச் சன்னல் வழியே பார்க்கிறான். எதிரே, மழைக்கு ஒதுங்கி நிற்கிறாள் ஈவ் என்ற பெண். உடனே அங்கிருந்த குடைகளில் நல்லதாகப் பார்த்து எடுத்து ஓடிப் போய்க் கொடுக்கிறான். குடை வேறொருவருடையது! அவள் பிளாண்டிங்ஸ் மாளிகை நூலகத்தில் வேலை பார்க்கப் போகிறாள் என்று தெரிந்ததும், கனடா நாட்டுக் கவிஞன் என்று பொய் சொல்லித் தானும் அங்கே போய்ச் சேர்கிறான். பிறகு வைர மாலை திருட்டு. நள்ளிரவில் எலுமிச்சை நிற பைஜாமாவுடன் வெளியே மாட்டிக்கொண்டு, பூந்தொட்டிகளை எடுத்து வீசும் காரியதரிசி... முடிவைச் சொன்னால் நாவலைப் படிப்பவர் என்னைத் திட்டுவார்.

ஆனால், என் மனத்தைக் கவர்ந்தவர் காதலர் இருவரும் அல்லர். மாளிகைக்குச் சொந்தக்காரரான எம்ஸ்வொர்த் பிரபு! மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, எதிரே இருப்பவர் யாரென்றே தெரியாமல் பேசுகிறவர். தங்கையைக் கண்டால் நடுக்கம். அதைவிட நடுக்கம், மெக்கலிஸ்டர் என்ற தம் பூந்தோட்டக்காரனைக் கண்டால். இன்னொரு கதையில், பாசி படர்ந்த பாதையில் சரளைக்கல் கொட்டியே தீருவேன் என்று அவன் நிற்கிறான். மறுத்துச் சொல்லப் பிரபுவுக்கு வாய் வரவில்லை.

தோட்டத்தில் பிறந்த நமக்கு இது இலேசான சிரிப்பன்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. அந்தத் துரைமார் பிறந்த நாட்டில்தான், பெரிய துரைக்கெல்லாம் துரையான ஒரு பிரபு தோட்டக்காரனுக்குப் பயந்து ஒளிகிறார்!

கதையில் எல்லாரும் பாடிங்டன் நிலையத்தில் இரயிலேறுவார்கள். ஷ்ரோப்ஷியருக்கு அங்கிருந்து நேரே போன அந்தப் பழைய வண்டிகள் 1967இல் நின்றுவிட்டன. நான் யூஸ்டன் நிலையத்தில் ஏறி, பர்மிங்ஹாமில் மாறி, ஷிஃப்னல் என்ற சிற்றூரில் இறங்கி, வாடகைக் காரில் வெஸ்டன் பார்க் போனேன். பிளாண்டிங்ஸ் தோட்டத்துக்கு மூலம் இதுதான், கட்டடத்துக்கு மூலம் குளோஸ்டர்ஷியரிலுள்ள சூட்லி கோட்டை என்பது நார்மன் மர்ஃபி என்ற ஆராய்ச்சியாளரின் முடிவு. 1671இல் கட்டிய செங்கல் மாளிகை, ஏரி, பரந்த புல்வெளி. நம் பக்கத்துப் பங்களா பத்தை உள்ளே வைக்கலாம்.

வுட்ஹவுஸ் சிறுவயதில் இந்த வட்டாரத்தில், ஸ்டேபிள்ஃபோர்டு கிராமத்தில் வசித்தவர். தகப்பனார் ஹாங்காங்கில் நீதிபதி. ஆகவே பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதி உறவுக்காரப் பெண்மணிகளின் அதட்டலில் கழிந்தது. பிறகு ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் இலண்டன் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பயிற்சி முடிந்தால் கிழக்கு நாட்டுக் கிளைகளுக்கு அனுப்பிவிடுவார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அப்போதே கிளைகள் உண்டு. மனிதர் 1902இல் வேலையை விட்டுவிட்டார். இங்கே வந்திருந்தால் எத்தனை கணக்குப் புத்தகங்கள் பாழாகியிருக்குமோ!

மாளிகைத் தோட்டத்தில் ஓர் ஆள் பூச்செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. துரை பங்களாவில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர் அவர். துரை நடந்து வந்தால் வாளியை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பாராம்.

ஊர் திரும்பியதும் கதையைத் தமிழில் சொன்னேன். குடைக்குப் புன்னகை செய்தார். பூந்தொட்டிக்குச் சிரித்தார். தோட்டக்காரனுக்குப் பிரபு பயந்த இடத்தில் மட்டும் என்னை நிறுத்தி, மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்ப்பா, அந்த ஊர்ல அப்பவே சங்கம் இருந்துச்சா?"