பாதிரியார் ஆக என்ன தகுதி வேண்டும்?

திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயரைக் கேட்டதும், "அந்த ஊரில் பாதிரியார்கள் அதிகமோ?" என்று கேட்கும் வெளியூர்க்காரர்கள் உண்டு. இல்லைங்க, அது பாதிரி மரம்! பாடலீஸ்வரர் கோயிலின் தலமரம். ஆனால் ஒரு வேடிக்கை. புராட்டஸ்டன்ட் சபையின் முதல் தமிழ்ப் பாதிரியார் பிறந்தது இதே கடலூரில்தான்.

அவர் பெயர் ஆறுமுகம். சைவ வேளாளர், வணிகக் குடும்பம். 1718-ல் தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். பிறகு உபதேசியார். 1733 டிசம்பர் 28-ல்தான் குருப்பட்டம் கிடைத்தது. சபையில் சேர்ந்து பதினைந்து வருடம் கழித்து!

இன்றும் பல சபைகளில் பொறுப்புக்கு வர இப்படிப் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஞானஸ்நானம், திடப்படுத்தல், நற்கருணை, பதிவேட்டில் பெயர், பாக்கியில்லாத சந்தா. ஞாயிறு தவறாமல் வருகிறவர்கூட பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் கமிட்டித் தேர்தலில் நிற்க முடியாது. "இயேசுவின் சீடர்கள் எந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள்?" என்று சிலர் கோபப்படுவார்கள்.

கோபம் நியாயம்தான். ஆனால் ஒரு கம்பெனியிலும் பங்குதாரர் பதிவேட்டில் பெயர் இருந்தால்தானே ஓட்டு? சபைக்கு நிலம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, காணிக்கைப் பணம் இருக்கிறது. நேற்று வந்தவர் இன்று பொருளாளர் ஆகி, நாளை காணாமல் போனால் யாரைக் கேட்பது? உறுப்பினர் என்றால் கேள்விக்குக் கட்டுப்பட்டவர் என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்தவரைக் கண்காணி ஆக்கக் கூடாது என்று பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார்.

சரி, பதிவேட்டில் பெயரும் இருந்து, உழைப்பும் இருந்தால் போதுமா? அங்கேதான் இராஜநாயக்கன் கதை வருகிறது.

தஞ்சாவூர் ராஜாவின் படையில் இருந்தவர். தமிழில் அச்சான சுவிசேஷங்களைப் படித்து 1720-களின் கடைசியில் தரங்கம்பாடி மிஷனில் சேர்ந்தார். தஞ்சைப் பகுதியில் சபை வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. அடுத்த குருப்பட்டத்துக்கு அவர் பெயரும் பேசப்பட்டது. ஆனால் 1741-ல் பட்டம் பெற்றவர் தியோகு. காரணம்? இராஜநாயக்கன் பறையர். அவர் கையால் மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனெரிகள் பயந்தார்கள். 1771-ல் இறக்கும்வரை அவர் உபதேசியார்தான்.

எந்தச் சட்டத்தை அவர் மீறினார்? எதையும் இல்லை. எழுதிய விதிகளில் எல்லாம் பாஸ்; எழுதாத விதியில் ஃபெயில்!

பெண்களும் அப்படித்தான் காத்திருந்தார்கள். 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா வந்தது 2013-ல்.

எழுதிய விதி கடுமையாக இருந்தால் பரவாயில்லை. அதைப் படிக்கலாம், எதிர்த்துப் பேசலாம், ஓட்டுப் போட்டு மாற்றலாம். எழுதாத விதியை என்ன செய்வது? அடுத்த தேர்தலில் பதிவேட்டைத் திறக்கும்போது, யார் பெயர் இல்லை என்று மட்டும் பார்க்க வேண்டாம். பெயர் இருந்தும் யாரை யாருமே முன்மொழியவில்லை என்றும் பார்க்க வேண்டும்.