வெளிச்சத்துக்கு மாச வாடகை

கேபிள் டிவிக்கு மாசச் சந்தா, தண்ணி கேனுக்கு மாசக் கணக்கு, ஜெராக்ஸ் மிஷினுக்குக் காப்பிக்கு இத்தனை பைசான்னு வாடகை... இதெல்லாம் நமக்குப் பழகிப் போச்சு. இப்போ ஆபீஸ் வெளிச்சத்தையும் வாடகைக்குத் தர்றோம்னு கிளம்பியிருக்காங்க. லைட்டை நாம வாங்க வேண்டாம். அவங்களே கொண்டுவந்து மாட்டுவாங்க, கெட்டுப் போனா அவங்களே மாத்துவாங்க. நாம மாசக் கட்டணம் கட்டினா போதும். மிச்சமாகிற கரண்ட் காசுலேயே கட்டணம் போக நமக்கும் கொஞ்சம் நிற்கும் என்பது அவங்க கணக்கு.

எங்க கம்பெனிக்கு இப்படி ஒரு ஆஃபர் வந்து, "பார்த்துச் சொல்லுப்பா"ன்னு ஃபைலை என் டேபிள்ல வச்சுட்டார் முதலாளி. (அக்கவுண்ட்ஸ்ல இருந்தா இதான் பாடு.) ஒரு வாரமா நோண்டினதுல கிடைச்சதை எழுதி வைக்கிறேன்.

இந்த யோசனைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் தாமஸ் ராவ் என்கிற கட்டடக்கலைஞர். ஆம்ஸ்டர்டாமில் தன் ஆபீஸுக்கு விளக்கு போட பிலிப்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டவர், எனக்கு விளக்கு வேண்டாம், வெளிச்சம்தான் வேண்டும், இத்தனை மணி நேரம் இத்தனை லக்ஸ் கொடுங்க, எப்படிக் கொடுப்பீங்களோ அது உங்க பாடுன்னு சொல்லிட்டார். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு. மேஜை மேல ஒரு சின்ன மீட்டரை வச்சா காட்டிடும்.

இதே முறை 2015-ல் ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்துக்குப் போச்சு. விளக்கெல்லாம் பிலிப்ஸுக்கே சொந்தம், ஏர்போர்ட் வெளிச்சத்துக்கு மட்டும் காசு கட்டும். கரண்ட் பாதியாக் குறையும்னு சொன்னாங்க. எனக்குப் பிடிச்சது வேற விஷயம். அந்த ஏர்போர்ட்டுக்காகவே விளக்கைப் புதுசா வடிவமைச்சாங்க. சாதாரண விளக்கைவிட 75 சதவீதம் கூடுதல் காலம் உழைக்கும், ஒரு பாகம் போனா அதை மட்டும் மாத்தலாம், முழுசாத் தூக்கிப் போட வேண்டாம். விக்கிறவனுக்கு ஏன் திடீர்னு இவ்வளவு அக்கறை? கெட்டுப் போனா செலவு அவன் தலையில்தானே!

இதே பிலிப்ஸ், ஓஸ்ராம் போன்ற பெரிய கம்பெனிகள் எல்லாம் 1924-ல் ஜெனிவாவில் கூடி ஃபீபஸ் என்று ஒரு கூட்டணி வச்சுக்கிட்டாங்க. பல்பு 1,000 மணி நேரம் எரிஞ்சா போதும்னு முடிவு. அதுக்கு முன்னாடி 1,500, 2,000 மணி நேரம் எரிஞ்ச பல்புகள் இருந்தன. நீண்ட நாள் எரியும் இழை பல்பு கரண்டை அதிகம் இழுக்கும், அதனால 1,000 மணி நேரம் நியாயம்தான்னு ஒரு வாதமும் உண்டு. ஆனா கூட்டணியில் எவனாவது ரொம்ப நாள் எரியும் பல்பு செஞ்சா அவனுக்கு அபராதம்! அதுக்கு என்ன வாதம் சொல்றது?

கிட்டத்தட்ட 90 வருஷ இடைவெளி. பல்பு நம்ம சொத்தா இருந்தப்போ அது சீக்கிரம் போகணும். அவங்க சொத்தா ஆனதும் ரொம்ப நாள் உழைக்கணும். ஆயுசைத் தீர்மானிக்கிறது சொந்தக்காரன் யாருங்கறதுதான்.

சரி, எங்க ஃபைலுக்கு வருவோம். மொத்தம் 200 பழைய ட்யூப்லைட். சோக்கோட சேர்த்து ஒண்ணு 50 வாட் இழுக்கும். எல்.ஈ.டி. ட்யூப் 20 வாட். நாளைக்கு 10 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள்னு போட்டா 18,000 யூனிட் மிச்சம். யூனிட் 9 ரூபாய்னா மாசம் 13,500 ரூபாய். அவங்க கேக்கிறது மாசம் 9,000, அஞ்சு வருஷத்துக்கு. கைக்காசு போடாம மாசம் 4,500 லாபம், கசக்குமா?

கசக்கும். 9,000 வீதம் 60 மாசம்னா 5,40,000 ரூபாய். நாமளே ஒண்ணு 250 ரூபாய்னு 200 ட்யூப் வாங்கினா 50,000. மாட்டுற கூலி, உதிரிச் செலவு சேர்த்து 70,000-னு வைங்க. ஆறு மாசத்துக்குள்ள போட்ட காசு திரும்பிடும். நடுவுல ரெண்டு தடவை மொத்தத்தையும் மாத்தினாலும் நாமதான் லாபம். எல்.ஈ.டி. விலை அப்படி இறங்கிப் போச்சு. 2014-ல் அரசாங்க நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செஞ்சது; மூணே வருஷத்துல அது 40 ரூபாய்க்கும் கீழே வந்துச்சு.

அப்போ இந்தத் திட்டமே ஏமாத்தா? அப்படியும் சொல்ல முடியாது. எங்க குடோன்ல 30 அடி உயரத்துல 400 வாட் விளக்குகள் தொங்குது. ஒண்ணு போனா சாரம் கட்டணும், லோடிங்கை நிறுத்தணும். புது விளக்கும் விலை ஜாஸ்தி. அங்கே பொறுப்பை அவங்க தலையில கட்டுறதுல அர்த்தம் இருக்கு.

ஆனா மிச்சத்தை யார் அளக்கிறது? இது பழைய சண்டை. ஜேம்ஸ் வாட்டும் போல்டனும் நீராவி எஞ்சினுக்கு இப்படித்தான் காசு வாங்கினாங்க. பழைய நியூகோமன் எஞ்சினோட ஒப்பிட்டு மிச்சமாகிற நிலக்கரியில் மூணில் ஒரு பங்கு அவங்களுக்கு. அளக்கிறதுக்குப் பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ள ஒரு எண்ணும் கருவி. அப்படியும் கார்ன்வால் சுரங்க முதலாளிகள் கணக்குல தகராறு பண்ணினாங்க, சிலர் கட்டாமலே நிறுத்தினாங்க.

அதனால நான் எழுதிக் கொடுத்தது இது. ஆபீஸ் ட்யூபை நாமளே வாங்குவோம். குடோனுக்கு மட்டும் ஒப்பந்தம், அதுவும் நாலு விஷயம் எழுத்துல வந்தா. ஒண்ணு, பழைய விளக்கைக் கழட்டும் முன்னாடி தனி மீட்டர் வச்சு ஒரு மாசம் அளக்கணும். ரெண்டு, ஷிஃப்ட் குறைஞ்சா கட்டணமும் குறையணும். மூணு, தரையில இத்தனை லக்ஸ்னு எழுதணும், எல்.ஈ.டி. பல சமயம் பட்டுன்னு போகாது, கொஞ்சம் கொஞ்சமா மங்கும், எரியுதே சார்னு சொல்லித் தப்பிக்கக் கூடாது. நாலு, ஒப்பந்தம் முடிஞ்சாலோ அந்தக் கம்பெனியே மூடிப் போனாலோ விளக்கு யாருக்குன்னு இப்பவே சொல்லிடணும்.

அவங்க ஃபைல்ல "பராமரிப்பு ஆள் செலவு மிச்சம்"னு ஒரு வரி இருந்துச்சு. அந்தச் செலவுக்கு எங்க இடத்துல ஒரு முகம் இருக்கு. பதினெட்டு வருஷமா ஏணியோட சுத்துற எலக்ட்ரீஷியன் அண்ணன். எந்த வயர் எங்கே ஓடுதுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். மோட்டார், பேனல், ஜெனரேட்டர்னு அவர் பார்க்கிற வேலை எதுவும் அந்த ஒப்பந்தத்துல கிடையாது. அந்த வரியை அடிச்சுட்டுத்தான் மேலே அனுப்பினேன்.

முதலாளி இன்னும் கையெழுத்துப் போடலை. மாசம் 4,500 லாபம்னு அவங்க பெருசா அச்சடிச்ச பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டிட்டு இருக்கார். உங்க இடத்துல யாராவது இப்படி ஒப்பந்தம் போட்டிருந்தா, ரெண்டாவது வருஷம் எப்படிப் போச்சுன்னு சொல்லுங்க. முதல் வருஷம் எல்லாருக்கும் நல்லாத்தான் எரியும்.