ஏறுபடி

பெங்களூரில் குடியேறி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆன பின்னும், பங்குனி உத்திரம் நெருங்கிவிட்டால் எங்கள் குடும்பத்தாருக்குத் தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனாரின் நினைவே நினைவு. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரியைக் கண்டவர் அறிவர். செக்கச் சிவந்த அம்மணலில் சாதாரணக் கார் அச்சு வரை புதைந்துவிடும். அவ்வாறு ஒருமுறை புதைந்து, ஊரார் தள்ளிக் கரையேற்றிய பிறகே, உடன்பிறந்தார் இருவரும் பணம் சேர்த்து, நான்கு சக்கரங்களும் இயங்கும் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றை வாங்கினோம்.

வண்டி வந்தது, அன்னையாரால் ஏற இயலவில்லை. உட்தளம் தரையிலிருந்து இரண்டடி உயரம். அவருக்கோ அகவை எழுபத்தாறு. முழங்கால் வலி வேறு. முக்காலி வைத்துத் தூக்கி ஏற்றினோம். "மூட்டைய ஏத்துத மாரி ஏத்துதியளேப்பா" என்று சிரித்தார். அச்சிரிப்பு எங்களுக்கு உறைத்தது.

ஆகவே ஒரு பட்டறையில் இருபுறமும் இரும்புக்குழாய்ப் படிகள் பொருத்தச் செய்தோம். கருநிறப் பூச்சு பளபளத்தது. இரண்டு மழைக்காலம் கழிந்திருக்கும். ஊருக்குப் புறப்பட்ட வைகறையில் அன்னையார் காலை ஊன்றியதும் படி முறிந்து தொங்கிற்று. மருமகள் தாங்கிக்கொண்டமையால் கணுக்காலில் சிராய்ப்போடு தப்பினார். "நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க" என்று உள்ளே சென்றுவிட்டார். அவ்வாண்டு எவரும் போகவில்லை.

முறிந்த படியைப் புரட்டிப் பார்த்தோம். வெளியே பூச்சு புதிதாகவே இருந்தது. உள்ளே இரும்பு அப்பளமாய் நொறுங்கிற்று. துளையிட்ட இடங்களில் ஒரு சொட்டு வண்ணமும் தடவவில்லை. போல்ட்டின் வழியே புகுந்த மழைநீர், வெளியேற வழியின்றிக் குழாயிலேயே தேங்கியிருக்கிறது. போதாக்குறைக்குக் கடலோர உப்பு. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்துமாதலால் துரு விரைந்து ஏறும். பள்ளியில் படித்ததுதான், கோப்புகளுக்கிடையே மறந்துபோயிற்று. பட்டறைக்காரரை மட்டும் நோவானேன்? வண்டியைக் கழுவும்போது ஒருநாளேனும் குனிந்து அடிப்புறத்தைப் பார்த்தோமில்லை.

மறுமுறை உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. சாலைக்கு நாங்களே சென்று, துத்தநாகத்தில் தோய்த்த தாங்கிகளும் படிகளும் வாங்கினோம். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்க இவ்வழியை ஹம்ப்ரி டேவி 1824இலேயே கண்டார். எங்கள் மெக்கானிக் பாய் டேவியைப் படித்தவரல்லர். "தண்ணி உள்ளே போனா வெளியே வரணும் சார், நின்னா இரும்பைத் தின்னுடும்" என்று சொல்லி, குழாயின் அடியில் சிறு துளைகள் இட்டார். துளையின் விளிம்பு ஒவ்வொன்றிலும் துத்தநாகப் பூச்சைத் தூரிகையால் தடவி, ஓரிரவு உலரவிட்டார். குழாய்க்குள் மெழுகு பீய்ச்சினார். உடற்தகட்டைத் தொடாமல், சேஸிஸில் முன்னரே இருந்த துளைகளிலேயே படிகளை முடுக்கினார். ஈரம் தங்கும் என்று ரப்பர் விரிப்பையும் போடவில்லை.

அடுத்த உத்திரத்திற்கு அன்னையார் ஊன்றுகோலால் படியை இருமுறை தட்டிப் பார்த்தார். பின்னர் எவர் கையையும் பற்றாமல் ஏறி அமர்ந்தார்.

தேரியின் செம்மைக்கும் இரும்பின் துருதான் காரணம் என்று பேரன் அங்கே விளக்கினான். "அப்பம் வண்டிய நல்லாக் கழுவிட்டுப் பொறப்படுங்க" என்றார் அன்னையார். திருச்செந்தூரில் நன்னீர் கேட்டு வாங்கி, அடிப்புறம் வரை கழுவிய பின்னரே பெங்களூருக்குத் திரும்பினோம்.