பெயருக்குப் பின்னால் என்ன?

மருத்துவர் என்று ஒருவர் பலகை மாட்டினால், எக்கல்லூரியில் பயின்றார், எம்மன்றத்தில் பதிவு செய்தார் என்று கேட்கிறோம். வழக்கறிஞரைக் கேட்கிறோம். வண்டி ஓட்டுபவரிடங்கூட உரிமம் உண்டா என்கிறோம். ஆனால், நூறாண்டு நின்ற மரத்தின் மீது அரிவாளோடு ஏறுபவரை நோக்கி, "எங்கே கற்றீர்?" என்று கேட்டதுண்டா? இல்லை. அவர்மீது கொண்ட நம்பிக்கையால் கேளாதிருந்தோமா? அன்று! மரத்தின்மீது நமக்கு அக்கறையில்லை. அந்த உழைப்பின்மீது நமக்கு மதிப்பில்லை. உண்மை அதுதான்.

நாம் வாழும் ஊரில், மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று கூறி, ஒரு தெரு முழுதும் நின்ற வேம்புகளின் தலையைச் சீவினர். சீவியவர் தம்மை 'மர வல்லுநர்' என்று விளம்பரப்படுத்திக் கொண்டவர். தலை இழந்த மரம் என்ன செய்யும்? வெட்டுவாயில் ஈரம் புகும், உளுக்கத் தொடங்கும். அதன் ஓரத்திலே கொத்துக் கொத்தாய்த் துளிர் கிளம்பும். பசுமை திரும்பியதென்று பார்ப்பவர் மகிழ்வர். ஆனால் அத்துளிர்கள் மரத்தின் உள்ளிருந்து வேரூன்றி வளர்ந்த கிளைகளல்ல. மேற்பட்டையை ஒட்டி நிற்பவை. பருத்துக் கனத்தபின் பெருங்காற்றில் முறிந்து விழும். கவாத்து என்பது வேறு, கழுத்தறுப்பு என்பது வேறு. இவ்வேற்றுமை அறியாதவருக்கு வல்லுநர் என்ற பெயர் எப்படி வந்தது? அவரே வைத்துக் கொண்டார், அவ்வளவுதான்!

இதற்கு நேர்மாறான காட்சியையும் கண்டோம். நம் வகுப்பில் மாணவர் விவரப் படிவம் நிரப்பும் நாள். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் ஒரு மாணவன் 'கூலி' என்று எழுதியிருந்தான். அவன் தந்தையை நாம் அறிவோம். கயிறு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, அறுபதடி உயரத்தில் நின்று, எந்தக் கிளை தாங்கும், எது ஏமாற்றும் என்று தட்டிப் பார்த்தே சொல்பவர். "ஏன் தம்பி கூலி என்று எழுதினாய்?" என்றோம். "வேற என்ன சார் எழுதுறது? அந்த வேலைக்குப் பேரு இருக்கா?" என்றான். அறிவற்றவர் பெயர் சூடித் திரிகிறார். அறிவுடையவர் பெயரின்றி நிற்கிறார். இந்த அநீதிதான் நம்மை இக்கட்டுரை எழுதச் செய்தது.

தெளிவு வேண்டுமெனில் நான்கு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். பட்டம் என்பது கல்லூரி தருவது, படித்ததற்குச் சான்று. சான்றிதழ் என்பது ஒரு தொழிற்கழகம் தேர்வு நடத்தித் தருவது, திறமைக்குச் சான்று. உரிமம் என்பது அரசு தருவது. அது தேவைப்படும் இடத்தில், அஃதின்றித் தொழில் செய்தல் குற்றம். பணிப்பெயரோ முதலாளி சூட்டுவது, அல்லது தானே சூடிக்கொள்வது, எதற்கும் சான்றன்று! நான்கையும் ஒன்றெனக் கருதும் மயக்கத்திலேதான் போலிகள் பிழைக்கின்றனர்.

நம் நாட்டுச் சட்டத்தையே பாருங்கள். 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டம், 37ஆம் பிரிவில், பதிவு பெறாத எவரும் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைப் பயன்படுத்தலாகாது என்று தடை விதிக்கிறது. ஆனால் அதே பிரிவு, நிலத்தோற்றத்தை வடிவமைக்கும் 'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்' என்பாரைத் தடையிலிருந்து விலக்கி வைக்கிறது. சுவர் எழுப்புபவரின் பெயருக்கு வேலி உண்டு. சோலை அமைப்பவரின் பெயருக்கு அவ்வேலி இல்லை!

அமெரிக்காவில் அப்பெயருக்கு 1953இல் கலிபோர்னியா மாநிலம் முதன்முதல் உரிமம் வகுத்தது. இன்று ஐம்பது மாநிலங்களிலும் கட்டுப்பாடு உண்டு. அங்கே அத்துறையினரின் சங்கம் 1899இல் தோன்றியபோது நிறுவியவர் பதினொருவர். அவருள் ஒரே பெண் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட். பெருமைமிக்க புதுப்பெயர் கையருகில் இருந்தும், தம்மை 'லேண்ட்ஸ்கேப் கார்டனர்', அதாவது தோட்டக் கலைஞர், என்றழைக்கவே அவர் விரும்பினார். பெயரால் அவர் உயரவில்லை; அவரால் பெயர் உயர்ந்தது.

மரம் பேணுவோரான 'ஆர்பரிஸ்ட்'டுகளுக்கோ அங்கும் சில மாநிலங்களில் மட்டுமே உரிமம் கட்டாயம். எனினும், 1924இல் வேர்கொண்ட பன்னாட்டு மரவளர்ப்புக் கழகம் சான்றிதழ் வழங்குகிறது. மூன்றாண்டு உழைத்த பட்டறிவு, அல்லது பட்டறிவோடு அதற்குரிய படிப்பு இருந்தாலே தேர்வெழுதலாம். பெற்ற சான்றும் மூன்றாண்டே செல்லும். தொடர்ந்து கற்றாலோ, மீண்டும் தேர்வெழுதித் தேறினாலோ அன்றிப் புதுப்பிக்க இயலாது.

ஏன் புதுப்பிக்க வேண்டும்? வரலாறு விடை தருகிறது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கா சென்ற ஜான் டேவி என்னும் உழைப்பாளி, 1901இல் 'மர மருத்துவர்' என்னும் பொருள்படும் பெயரில் நூல் எழுதி, மரம் பேணலை ஒரு தொழிலாக்கினார். அந்நாளைய மரவைத்தியர்கள் பொந்துகளில் சிமெண்ட் நிரப்பினர். கிளையை அடியோடு ஒட்ட வெட்டினர். வெட்டுவாயில் வண்ணம் பூசினர். பல்லாண்டு அதுவே வேதவாக்கு! பின்னர் அலெக்ஸ் ஷைகோ என்னும் விஞ்ஞானி, இயந்திர வாளால் மரங்களை நெடுக்காக அறுத்து உள்ளே பார்த்தார். மரம் காயத்தைக் குணப்படுத்துவதில்லை, அதைச் சுற்றித் தடுப்புக் கட்டி ஒதுக்குகிறது என்று கண்டார். ஒட்ட வெட்டுவது அத்தடுப்பையே சிதைக்கும். பூச்சு உளுப்பைத் தடுக்காது என்று காட்டினார். பெரியோர் கூறினர் என்று விட்டுவிடாமல், பிளந்து பார்த்தார் ஒருவர். பழைய பாடம் வீழ்ந்தது. புதுப்பிக்காத சான்றிதழ், பூசைக்கு வைத்த ஏடு!

ஆகவே, பட்டத்தை வணங்கவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். பட்டம் புதியதொரு பிறப்புச் சிறப்பாக மாறிவிடலாகாது. பட்டம் வாங்க வழியற்றவனின் அறிவு குப்பைக்குப் போகவும் கூடாது. நம் நாட்டின் திறன் பயிற்சித் திட்டங்களில் 'கார்டனர்' என்ற பணிக்குத் தகுதித்தரம் வகுத்துள்ளனர். முன்பே கைவழக்கில் கற்றதைச் சோதித்துச் சான்று வழங்கும் முறையும் உண்டு. அவ்வழியை உழைப்பாளிகளுக்கு எடுத்துச் சொல்வதும், விண்ணப்பம் எழுதித் தருவதும், படித்த இளைஞர்க்குக் கடினமான பணியா?

தோழர்களே! பெயர்ப்பலகை எதைக் கண்டாலும் ஐந்து கேள்வி கேளுங்கள். இப்பெயரை யார் தந்தது? எந்தத் தேர்வுக்குப் பின்? கைத்தொழில் அனுபவம் கணக்கில் உண்டா? புதுப்பிக்க வேண்டுமா? தவறிழைத்தால் பறிக்கப்படுமா? ஐந்துக்கும் விடையிருந்தால் மதியுங்கள். விடையில்லையேல், எழுத்துகள் எத்தனை பின்னே தொங்கினும், அவை வெறும் தோரணம். தோரணம் நிழல் தராது, மரம்தான் தரும்!