கடைசி வரியில் கிடந்த எண்

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பிய சுமார் 82ஆவது நொடியில், வெளித் தொட்டியை மூடியிருந்த நுரைப்பொருளில் ஒரு துண்டு கழன்று இடது இறக்கையில் மோதியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உள்ளே இருந்தார்கள். படப்பதிவில் மோதலைக் கண்ட பொறியாளர்கள் பதறினார்கள், கணக்குப் போட்டார்கள். போயிங் பொறியாளர்கள் தங்கள் ஆய்வை பவர்பாயிண்ட் ஸ்லைடுகளாக நாசா அதிகாரிகள் முன் வைத்தார்கள்.

அவற்றில் ஒன்றைப் படிக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது. பயப்பட வேண்டியதில்லை என்ற தொனியில் தலைப்பு. அதன் கீழே புள்ளி, புள்ளிக்குள் கோடு, கோட்டுக்குள் இன்னொரு புள்ளி. எல்லாம் தாண்டிக் கடைசி வரியில்தான் அந்த விவரம்: சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், மோதியதாக மதிப்பிட்டதோ 1920 கன அங்குலம். 640 மடங்கு! கையிலிருந்த சோதனைத் தரவை நம்பி எதையும் சொல்ல முடியாது என்பதுதான் இதன் பொருள். அதை ஸ்லைடின் தலைப்பில் யாரும் எழுதவில்லை.

பிப்ரவரி 1 அன்று, திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

ஸ்லைடின் மேல் பழி முழுவதையும் போடுவது நியாயமில்லை. விண்வெளியில் வைத்தே இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கப் பொறியாளர்கள் கேட்டும் அது நடக்கவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை, தகவல் வடிவமைப்பு வல்லுநர் எட்வர்ட் டஃப்டியின் அலசலை எடுத்துக்காட்டி, முழுமையான தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடுகள் உட்கார்ந்துவிட்டதைக் கண்டித்தது.

நம் கல்லூரிகளில் ரெக்கார்டு நோட்டு எழுதிப் பழகியவர்களுக்கு, முக்கியமான விஷயம் கடைசி வரிக்குப் போய்விடும் இந்தச் சிக்கல் அந்நியமானதல்ல. நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காட்சிப்பதிவு, கடைசியாக முடிவு. வேலை நடந்த வரிசையிலேயே எழுத்தும் போகும். ஆய்வகத்துக்கு அது சரி. அலுவலகத்தில் அறிக்கையைப் படிப்பவர் மதிப்பெண் போட உட்கார்ந்தவர் அல்லர். ஒரு முடிவு எடுக்க வேண்டியவர். அவருக்கு முதல் வரியிலேயே விஷயம் தெரியவேண்டும்: என்ன நடந்தது, எது தெரியவில்லை, இப்போது என்ன செய்யவேண்டும். கணக்கும் செய்முறையும் பின்னால் வரட்டும். வேலைக்குச் சேரும் இளம் பொறியாளர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது இந்த வரிசையைத்தான். இலக்கணப் பிழை திருத்துவதைவிட இது கடினம், அவசரமும்கூட.

விமானப் பராமரிப்புக் கையேடு எழுதுபவர்கள், படிப்பவரின் தேவையை முன்வைத்து எழுதும் கட்டுப்பாட்டை விதிகளாகவே வகுத்துக்கொண்டார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத மெக்கானிக்குகளும் தடுமாறாமல் படிக்கவேண்டும் என்று 1980களில் உருவான எளிய ஆங்கில நெறி, செய்முறை வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் 20 சொற்களே உச்சவரம்பு என்கிறது. பொதுவாக ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளைதான். அபாய எச்சரிக்கை அந்தச் செயலுக்கு முன்பே வந்துவிட வேண்டும். கையை உள்ளே விட்டபிறகு படித்துப் பயனில்லை. நல்ல கையேட்டு எழுத்தாளர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள்: வரைவை அந்த வேலையைச் செய்யப்போகிறவர் கையில் கொடுத்துவிட்டு, விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர் எந்த வரியில் தயங்குகிறாரோ அங்கே திருத்தம் தொடங்குகிறது.